தாயில்லாக் குஞ்சின் முதல் வாரம்: குடல் நோயைத் தடுக்கும் தீவனத் துணைப்பொருட்கள்

ஐம்பது கோழிக்குஞ்சுகளுடன் தொழில் தொடங்கும் ஒரு குடும்பத்துக்கு முதல் பத்து நாட்கள்தான் பெரிய கண்டம். அந்த நாட்களைத் தாண்டிவிட்டால் மிச்சக் காலம் ஓரளவு கைக்குள் வரும். தாண்டாவிட்டால் குஞ்சு வாங்கிய காசும் தீன் வாங்கிய காசும் போய், கடன் மட்டும் வீட்டில் தங்கிவிடும்.

2009க்குப் பின்னர் வன்னியிலும் கிழக்கிலும் மீள்குடியேறிய குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவியாகக் கோழிக்குஞ்சுகளும் கூடும் கொடுப்பது வழமையாயிற்று. கணவனை இழந்த பெண்களும், கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்களும் வளவை விட்டு வெளியே போகாமல் செய்யக்கூடிய தொழில் என்பது அதற்கு ஒரு காரணம். இந்த உதவிக்கான காசில் ஒரு பகுதி வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் உறவுகளிடமிருந்து போகிறது. இன்னொரு பகுதி வெளிநாட்டிலிருந்து அவர்களது கைவழியாகப் போகிறது. மருந்தோ சத்துத் தூளோ தேவைப்பட்டால் கொழும்பில் வாங்கி, வெள்ளவத்தையிலிருந்து இரவில் யாழ்ப்பாணம் புறப்படும் பேருந்தில் போட்டுவிடுவதும் அவர்கள்தான்.

ஆகவே இந்தக் கட்டுரை குஞ்சு வளர்ப்பவருக்கு மட்டுமன்றி, காசு அனுப்புபவருக்கும் பொதி அனுப்புபவருக்கும் உரியது. இளங்குஞ்சின் குடலைப் பக்டீரியாக் கிருமிகள் தாக்காமல் தடுக்க எந்தத் துணைப்பொருட்கள் உதவும், அவை எப்படி வேலை செய்கின்றன, எங்கே அவற்றை நம்பக் கூடாது என்பவற்றை இங்கே பார்ப்போம்.

குஞ்சு ஏன் இலகுவில் விழுகிறது?

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சின் குடல் கிட்டத்தட்ட வெறுமையானது. வளர்ந்த கோழியின் குடலில் கோடிக்கணக்கான நல்ல நுண்ணுயிர்கள் இடம்பிடித்திருக்கும். புதிதாக வரும் நோய்க்கிருமிக்கு அங்கே ஒட்டிக்கொள்ள இடமும் கிடைக்காது, உணவும் கிடைக்காது. ஒரு நாள் குஞ்சுக்கு அந்தக் காவல் இல்லை. இரைப்பையின் அமிலத்தன்மையும் முதல் நாட்களில் குறைவு. வளர்ந்த கோழியை ஒன்றும் செய்யாத சிறு எண்ணிக்கையான சல்மனெல்லாக் கிருமிகள் ஒரு நாள் குஞ்சின் குடலில் குடியேறிவிடுவதற்கு இவைதான் காரணம்.

ஊர்க்கோழி அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளுக்கு இந்த ஆபத்துக் குறைவு. தாய்க்கோழி மண்ணைக் கிளற, குஞ்சுகள் அதன் பின்னால் கொத்தித் திரியும். தாயின் எச்சம் பட்ட மண்ணிலிருந்தே தாயின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் குஞ்சுக்குப் போய்ச் சேரும். அடைக்கோழியின் செட்டைக்குள் சூடும் கிடைக்கும்.

பொரிப்பகத்துக் குஞ்சு தாயைக் காண்பதே இல்லை. எமது நாட்டில் வணிகப் பொரிப்பகங்களில் பெரும்பாலானவை மேல் மாகாணத்திலும் வடமேல் மாகாணத்திலும் உள்ளன. அங்கே பொரித்த குஞ்சுகள் பெட்டியில் அடைக்கப்பட்டு, ஏ9 வீதியால் பல மணி நேரம் பயணித்துக் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வருகின்றன. வயிற்றுக்குள் மிஞ்சியிருக்கும் மஞ்சட்கரு இரண்டு மூன்று நாட்களுக்கு உயிரைக் காக்கும். ஆனால் தாகம், வெக்கை, அதிர்ச்சி எல்லாம் சேர்ந்து களைத்த குஞ்சின் வெறுங்குடலுக்குள் முதலில் எது நுழைகிறதோ அதுவே அங்கே ஆளும். நல்லது முதலில் நுழைய வேண்டும் என்பதே துணைப்பொருட்களைக் கொடுப்பதன் நோக்கம்.

பின்லாந்தில் கண்டறிந்தது

இந்த உண்மையை உலகம் விளங்கிக்கொண்டது பின்லாந்து நாட்டில் நடந்த ஒரு ஆராய்ச்சியால். 1970களின் தொடக்கத்தில் அந்த நாட்டின் இறைச்சிக் கோழிப் பண்ணைகளில் சல்மனெல்லா பரவியது. எஸ்கோ நூர்மி, ராந்தலா என்ற இரு ஆய்வாளர்கள் நோயில்லாத வளர்ந்த கோழிகளின் குடலில் இருந்தவற்றை எடுத்து, நீர்த்து, புதிதாகப் பொரித்த குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். பின்னர் சல்மனெல்லாவைக் கொடுத்துப் பார்த்தபோது, அந்தக் குஞ்சுகளில் கிருமி குடியேறுவது வெகுவாகக் குறைந்தது. 1973இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் இந்த முடிவு வெளியானது. நல்ல நுண்ணுயிர் முதலில் இடம்பிடித்தால் கெட்டதற்கு இடமில்லை என்ற இந்த வழிமுறையிலிருந்துதான் இன்று கடைகளில் கிடைக்கும் கோழிகளுக்கான புரொபயோட்டிக் பொருட்கள் பல வளர்ந்தன.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டுக் கோழியின் எச்சத்தைக் கரைத்துக் குஞ்சுக்குக் கொடுக்க வேண்டாம். பின்லாந்தில் பயன்பட்டவை ஆரோக்கியமான கோழிகளிலிருந்து பெற்றவை. எமது வளவுக் கோழியின் எச்சத்தில் நல்ல நுண்ணுயிரோடு இரத்தக்கழிச்சலும் குடற்புழுவும் சேர்ந்தே வரக்கூடும்.

எந்தக் கிருமி, என்ன அடையாளம்?

முதல் வாரத்தில் குஞ்சுகளைக் கொல்லும் பக்டீரியாக்களில் முதன்மையானவை சல்மனெல்லாவும் ஈ-கோலையும். சல்மனெல்லாவில் புல்லோரம் என்ற வகை வெள்ளைக் கழிச்சலை உண்டாக்கும். பின்பக்கத்தில் வெண்ணிறமாக எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கும். செட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி குஞ்சுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். இந்த நோய் தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாகவே வரக்கூடியது. அப்படி வந்த நோயை எந்தத் துணைப்பொருளும் திருத்தாது. பெற்றோர்க் கோழிகள் இரத்தப் பரிசோதனை செய்யப்பட்ட பொரிப்பகத்தில் குஞ்சு வாங்குவதே அதற்குரிய காப்பு.

ஈ-கோலை பெரும்பாலும் அழுக்குத் தண்ணீராலும் காயாத தொப்புளாலும் நுழையும். இரண்டு வாரம் கடந்த குஞ்சுகளில் குளொஸ்திரிடியம் என்ற பக்டீரியா குடற்சுவரை அழுகச் செய்யும். அளவுக்கு மிஞ்சிய மீன்தூளும் கருவாட்டுத் தூளும் தீனில் இருந்தால் இது பெருகும்.

எச்சத்தில் இரத்தம் கண்டால் அது அனேகமாக இரத்தக்கழிச்சல். அதை உண்டாக்குவது பக்டீரியா அல்ல, வேறுவகையான ஒட்டுண்ணி. அதற்குத் தனி மருந்து உண்டு. ஆனால் அது புண்ணாக்கிய குடலுக்குள் குளொஸ்திரிடியம் இலகுவாக நுழையும் என்பதால், படுக்கையை ஈரமில்லாமல் வைத்திருப்பது இரண்டுக்குமே காப்பு.

துணைப்பொருட்களும் அவற்றின் வேலையும்

முதலாவது, புரொபயோட்டிக் எனப்படும் உயிருள்ள நல்ல நுண்ணுயிர்கள். தாய்க்கோழி கொடுத்திருக்க வேண்டியதை இவை ஓரளவு ஈடுசெய்கின்றன. லக்டோபசிலஸ் வகைகள் குடலை அமிலமாக்கி, கெட்ட கிருமிகளை அடக்கும். ஆனால் அவை வெக்கையில் இறந்துவிடும். பசிலஸ் வகைகள் வித்துருவில் உறங்கும் தன்மை உள்ளவை என்பதால் சூட்டைத் தாங்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத, தகரக் கூரை போட்ட வன்னி வீட்டுக்குப் பேருந்தில் அனுப்புவதானால் பசிலஸ் வகையே பொருத்தம். பொதியில் காலாவதித் திகதியையும், ஒரு கிராமில் உயிருள்ள நுண்ணுயிர்கள் எத்தனை என்பதையும் பார்த்து வாங்குங்கள். அந்த எண்ணிக்கை குறிப்பிடாத தூளை வாங்காதீர்கள்.

இரண்டாவது, பிரிபயோட்டிக் எனப்படும் சிறப்பு மாச்சத்துகள். இவற்றில் அதிகம் பயன்படுவது மதுவக் கலங்களின், அதாவது ஈஸ்டின், சுவரிலிருந்து எடுக்கப்படும் மானன் வகை. சல்மனெல்லாவும் ஈ-கோலையும் குடற்சுவரிலுள்ள மனோசு என்ற சர்க்கரையைப் பிடித்துத்தான் ஒட்டுகின்றன. தீனிலேயே அதே சர்க்கரை இருந்தால், கிருமிகள் ஏமாந்து அதைப் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு வெளியேறிவிடும். இந்தத் தூளில் உயிர் இல்லை என்பதால் வெக்கையில் கெடும் பயமும் குறைவு.

மூன்றாவது, சேதன அமிலங்கள். போர்மிக், புரொப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்கள் இவற்றில் அடங்கும். அமிலம் கிருமியின் உடலுக்குள் புகுந்து உட்புறத்தைப் புளிக்கச் செய்யும். அதை வெளியேற்றப் போராடியே கிருமி சக்தி இழக்கும். நல்ல லக்டோபசிலஸ் இந்தப் புளிப்பைத் தாங்கும். பியூட்டிரிக் அமிலத்துக்கு இன்னொரு பயனும் உண்டு, குடற்சுவர்க் கலங்களுக்கு அதுவே உணவு. தண்ணீரில் கலக்கும் அமிலத்தைக் கூட்டினால் குஞ்சு தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடும். ஆகவே பொதியிலுள்ள அளவைத் தாண்டக் கூடாது. நாகத் தகடு பூசிய வாளியில் அமிலத் தண்ணீர் வைக்காதீர்கள், தகடு அரித்துத் தண்ணீரில் கலக்கும். பிளாஸ்டிக் பாத்திரமே சரி.

நான்காவது, விற்றமின்களும் கனியுப்புகளும். விற்றமின் ஏ குறைந்தால் குடலின் உட்தோல் பலவீனமாகும். விற்றமின் ஈ, நாகம், செலனியம் ஆகியவை நோயெதிர்ப்புக்குத் தேவை. நல்ல நிறுவனத் தொடக்கத் தீனில் இவை ஏற்கெனவே உண்டு. பல மாதம் கிடந்த தீனில் விற்றமின்கள் அழிந்திருக்கும். சத்துத் தூளை மேலதிகமாகக் கொட்டினாலும் பயனில்லை. செலனியம் கூடினால் நஞ்சு.

எமது ஊர்ப் பொருட்கள்

தேங்காய்ப் புண்ணாக்கில் மானன் வகை நார்ப்பொருள் நிறைய உண்டு. அதிலிருந்து நொதியத்தால் பிரித்தெடுத்த மனோபயோசு என்ற பொருள் இறைச்சிக் கோழிகளில் சல்மனெல்லாவைக் குறைத்ததை ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டார்கள். ஆனால் பிரித்தெடுத்த பொருள் வேறு, வீட்டுப் புண்ணாக்கு வேறு. புண்ணாக்கின் நாரை இளங்குஞ்சால் செரிக்க முடியாது. பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுத்து நோயெதிர்ப்பையும் குலைக்கும். முதல் வாரங்களில் புண்ணாக்கைத் தவிர்த்து, வளர்ந்த பின்னர் புதிதான புண்ணாக்கைக் கொஞ்சமாகச் சேர்ப்பதே நல்லது.

கற்பூரவள்ளி இலையிலுள்ள கார்வக்ரோலும் ஓமத்திலுள்ள தைமோலும் பக்டீரியாக்களின் மென்சவ்வைச் சிதைக்கக்கூடியவை. கோழித்தீனில் சேர்க்க வெளிநாடுகளில் விற்கப்படும் மூலிகை எண்ணெய்களில் இருப்பவையும் பெரும்பாலும் இவைதான். உள்ளியும் மஞ்சளும் அப்படியே பயன்படுகின்றன. ஒரு பிடி இலையில் மருந்துச் சத்து எவ்வளவு என்பது செடிக்குச் செடி மாறும். எனவே பொடியாக நறுக்கிய இலையைத் தீனோடு சிறிதளவு கொடுப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் அதை நம்பி வேறு காப்புகளைக் கைவிடக் கூடாது.

தயிரைப் பலர் கொடுக்கிறார்கள். அதில் நல்ல நுண்ணுயிர்கள் உண்டு. ஆனாலும் பாலிலுள்ள சர்க்கரையைக் கோழியால் செரிக்க முடியாது என்பதால், கூடினால் தயிரே கழிச்சலை உண்டாக்கும். தீனில் ஈரப்பிடிப்புக்கு மட்டும் கலந்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் தின்னாத மிச்சத்தை எறிந்துவிட வேண்டும்.

செலவு எவ்வளவு சிறியது?

ஒரு இறைச்சிக் கோழிக்குஞ்சு முதல் வாரத்தில் ஏறக்குறைய 150 கிராம் தீன் தின்னும். அப்படியானால் ஐம்பது குஞ்சுகளுக்கு வாரம் முழுவதும் சுமார் 8 கிலோ போதும். முட்டைக் கோழிக் குஞ்சுகளுக்கு அதில் ஏறக்குறைய பாதி. மானன் தூளின் வழக்கமான அளவு ஒரு கிலோ தீனுக்கு 1 முதல் 2 கிராம். கணக்குப் பார்த்தால் முதல் வாரத்துக்குத் தேவைப்படுவது 8 முதல் 16 கிராம் வரைதான்.

கடையில் ஒரு கிலோப் பொதியாக விற்பதால்தான் அது எட்டாத விலையாகத் தெரிகிறது. ஒரு கிராமத்தில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பொதியை வாங்கிப் பகிர்ந்தால் செலவு மிகச் சிறியதாகிவிடும். மாதர் சங்கமோ, உதவி செய்யும் குழுவோ இதை ஒழுங்கு செய்யலாம். சிறிய அளவைக் கலக்கும்போது முதலில் ஒரு கிலோ தீனில் நன்றாகக் கலந்து, பிறகு அதை மிச்சத் தீனோடு சேர்த்துக் கிளறுங்கள். நேரே கொட்டினால் ஒரு குஞ்சுக்கு அதிகமும் இன்னொன்றுக்கு வெறுமையும் போகும்.

அன்ரிபயோட்டிக் ஏன் வேண்டாம்?

குஞ்சு வந்த அன்றே தண்ணீரில் அன்ரிபயோட்டிக் தூளைக் கலந்து கொடுக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. இறந்துவிடுமோ என்ற பயத்தில் செய்வதுதான். ஆனால் அந்த மருந்து நல்ல நுண்ணுயிரையும் சேர்த்தே கொல்லும். மருந்து நின்றதும் குடல் மீண்டும் வெறுமையாகி, அடுத்த கிருமிக்கு வாசல் திறந்து கிடக்கும். புரொபயோட்டிக்கையும் அன்ரிபயோட்டிக்கையும் ஒன்றாகக் கொடுப்பது காசை வீணாக்குவதே.

இதைவிடப் பெரிய கெடுதல் கூட்டுக்கு வெளியே நடக்கிறது. திரும்பத் திரும்ப மருந்து பட்ட கிருமிகள் அந்த மருந்துக்கு அடங்காதவையாக மாறி மனிதருக்கும் வரும். கொலிஸ்டின் என்பது வேறு மருந்துகள் கைவிட்ட நோயாளிக்கு வைத்தியர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து. அதற்கு அடங்காத தன்மையை ஒரு பக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் மரபணு சீனாவில் பன்றிகளிலும் இறைச்சியிலும் மனிதரிலும் இருப்பது 2015இல் தெரியவந்தது. 2019இல் இந்தியா உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. வளர்ச்சிக்காகத் தீனில் அன்ரிபயோட்டிக் சேர்ப்பதைச் சுவீடன் 1986இலும், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி முதலாம் திகதியிலிருந்தும் நிறுத்தின. ஆரோக்கியமான விலங்குகளுக்கு நோய்த்தடுப்புக்கென்று வழமையாக அன்ரிபயோட்டிக் கொடுக்க வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் 2017இல் பரிந்துரைத்தது.

எமது மக்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. எறிகணைச் சிதறல்களை இன்னும் உடலில் சுமப்பவர்கள், காலை இழந்து செயற்கைக் கால் உரசிப் புண்படுபவர்கள், நீரிழிவுப் புண்ணோடு இருக்கும் முதியவர்கள் எமது வீடுகளில் இருக்கிறார்கள். புண் சீழ் பிடிக்கும் நாளில் வைத்தியர் கொடுக்கும் மருந்து வேலை செய்ய வேண்டும்.

நோய் வந்த குஞ்சுக்கு மருந்தே கொடுக்கக் கூடாது என்பதல்ல இதன் பொருள். இறந்த குஞ்சு ஒன்றையும் நோயுற்ற குஞ்சு ஒன்றையும் அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டி, வைத்தியர் சொல்லும் மருந்தை, சொன்ன நாட்கள் முழுவதும் கொடுங்கள். மருந்து நின்ற பின்னர் எத்தனை நாள் கழித்து முட்டையையும் இறைச்சியையும் விற்கலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து முடிந்ததும் சில நாட்கள் புரொபயோட்டிக் கொடுப்பது குடல் மீள உதவும்.

முதல் வாரத்தின் ஒழுங்கு

குஞ்சு வருவதற்கு முன்னரே கூட்டைக் கழுவிக் காயவிட்டு, உலர்ந்த உமியோ மரத்தூளோ பரப்பிச் சூடேற்றி வையுங்கள். முதல் வாரம் குஞ்சு நிற்கும் மட்டத்தில் 32 முதல் 35 பாகை செல்சியஸ் வேண்டும். பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 3 பாகையாகக் குறைக்கலாம். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர், விலகி ஓடி வாயைத் திறந்தால் வெக்கை, பரவலாகப் படுத்திருந்தால் சரி. குளிரில் விறைத்த குஞ்சுக்கு எந்தத் தூளும் பயன் தராது.

வந்தவுடன் முதலில் தண்ணீர், பிறகு தீன். கொதித்து ஆறிய தண்ணீரில் குளுக்கோசும் விற்றமினும் கலந்து முதல் நாள் கொடுக்கலாம். புரொபயோட்டிக்கையும் அன்றே தொடங்குங்கள், நாட்கள் பிந்தப் பிந்த அதன் பயன் குறையும். குளோரின் அதன் உயிரைக் கொல்லும் என்பதால், அதைக் கலக்கும் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. புரொபயோட்டிக் கொடுக்காத நாட்களில் கிணற்றுத் தண்ணீரைச் சுத்திகரிக்க, 1000 லீற்றருக்கு 10 கிராம் வெளிற்றும் தூள் போட்டு அரை மணித்தியாலம் விட்டுக் கொடுக்கலாம்.

இராணிக்கெற், கம்போரோத் தடுப்பு மருந்துகளைத் தண்ணீரில் கொடுப்பதானால், முதல் நாளிலிருந்தே குளோரினையும் அமிலத்தையும் நிறுத்திவிடுங்கள். இரண்டும் தடுப்பு மருந்தையே அழித்துவிடும். தண்ணீர்ப் பாத்திரத்தை நாளுக்கு இருமுறை கழுவுங்கள். எலியும் காகமும் தீனுக்குக் கிட்ட வரக் கூடாது, சல்மனெல்லாவைக் கொண்டுவருவதில் எலிக்குப் பெரிய பங்குண்டு.

கொழும்புச் சமையலறைக்கும் இது உரியது

கோழியை நோயாக்காமலே அதன் குடலில் தங்கி, மனிதருக்கு வயிற்றோட்டத்தையும் காய்ச்சலையும் தரும் சல்மனெல்லா வகைகளும் கம்பைலோபக்டர் என்ற கிருமியும் உண்டு. பண்ணையில் துணைப்பொருள் கொடுத்தால் அவை குறையலாம், இல்லாமற் போவதில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடியின் சின்னச் சமையலறையில் கோழி இறைச்சியைக் குழாய்க்குக் கீழே பிடித்துக் கழுவினால், தெறிக்கும் துளிகள் பக்கத்திலிருக்கும் சலாதுக் கீரையிலும் கோப்பையிலும் விழும். கழுவித்தான் ஆக வேண்டுமென்றால் பாத்திரத்துக்குள் மெதுவாகக் கழுவி, தொட்டியையும் கையையும் சவர்க்காரம் போட்டுத் துடையுங்கள். இறைச்சி வெட்டிய பலகையில் மரக்கறி வெட்ட வேண்டாம். உட்புறச் சிவப்பு மாறும்வரை வேகவிடுங்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் அரைவேக்காட்டு முட்டை கொடுக்காதீர்கள். ஊருக்குப் போகும் பிள்ளைகள் குஞ்சைத் தூக்கி விளையாடினால் கையைக் கழுவச் சொல்லுங்கள்.

அடுத்த முறை யாருக்காவது குஞ்சு வாங்கக் காசு அனுப்பும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குஞ்சு எந்தப் பொரிப்பகத்திலிருந்து வருகிறது, பெற்றோர்க் கோழிகளுக்குப் பரிசோதனை உண்டா? சூடு கொடுக்க மின்சாரமோ மாற்று ஒழுங்கோ இருக்கிறதா? கால்நடை வைத்திய அலுவலகத்தின் தொலைபேசி இலக்கம் வீட்டில் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு, ஐம்பது குஞ்சுக்குரிய காசில் நாற்பத்தைந்து குஞ்சை வாங்கி, மிச்சக் காசைத் தொடக்கத் தீனுக்கும் புரொபயோட்டிக்குக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். நாற்பத்தைந்தில் நாற்பத்திரண்டு வளர்ந்து முட்டையிடுவது, ஐம்பதில் இருபதைப் புதைப்பதைவிட அந்தக் குடும்பத்துக்கு மேல்.